ஏழுமலை காலில் ஏறிய சதை

கட்டு அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ரோசம்மா, ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். ஊருக்குக் கடிதம் போடுவதென்றாலே யாரையாவது எழுதித் தரச் சொல்வேன். இது கோணலாகத்தான் வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சில விஷயம் மறந்தும் போய்விட்டது. உங்கள் வகுப்புக்கு வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டு எப்படிச் சுற்றுவது, எந்தப் புண்ணுக்கு எந்த மருந்து என்பதெல்லாம் சிஸ்டர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது ஒரே ஒரு காலைப் பற்றி. எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, அந்த வருஷம்.

பட்டாபிராமில் கன்னியாஸ்திரிகள் நடத்தின சின்ன ஆஸ்பத்திரி அது. முதலில் நான் பெருக்கித் துடைக்கத்தான் போனேன். கட்டு அறையில் ஆள் வராத ஒரு நாள் பெரிய சிஸ்டர் என் கையில் இடுக்கியைக் கொடுத்தார். பிறகு அந்த அறையிலேயே நின்றுவிட்டேன். டாக்டர் முன் அறையில் உட்காருவார். கட்டு அறை பின்னால், துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். முதல் தடவை டாக்டர் புண்ணைப் பார்த்துச் சீட்டில் எழுதுவார். அதற்குப் பிறகு ஆள் நேராகப் பின்பக்கம் என்னிடம் வந்துவிடுவார். சீட்டு நிரம்பினால் புதுச் சீட்டு வைத்து, பழைய சீட்டில் இருந்த வரியை நானே பார்த்து எழுதுவேன். "பழையபடி கட்டு." எனக்குத் தடங்கல் இல்லாமல் எழுத வந்த வரி அது ஒன்றுதான்.

ஏழுமலைக்கு அந்த வரியை ஒன்பது வருஷம் எழுதியிருக்கிறேன். முதல் வரியை எழுதின டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார்.

ஏழுமலைக்கு ஆறு வயதில் கொதிக்கிற கஞ்சிப் பானை காலில் கவிழ்ந்ததாம். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பில் தோல் உருகி, பளபளவென்று இழுத்துக்கொண்டு ஆறியிருந்தது. காலை நீட்டினால் வெடிக்கும், மூடும், மறுபடி வெடிக்கும். பிறகு மூடுவதே நின்றுபோய், வெற்றிலை அளவுக்குப் புண்ணாக நிலைத்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷினில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். நெமிலிச்சேரியிலிருந்து காலையில் நடந்து வந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, பட்டாபிராமில் ரயில் ஏறிப் போவார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாது.

"இன்னாக்கா, தோட்டத்துல இன்னிக்கு இன்னா மொளச்சிகீது?" என்று கேட்டுக்கொண்டே குப்புறப் படுப்பார். தன் புண்ணைத்தான் தோட்டம் என்பார்.

"பேசாம படு தம்பி."

"நீ பேச மாட்ட, நானும் பேசலைன்னா ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு சிஸ்டர் சாவு மணியடிச்சிடும்கா."

நான் யாரிடமும் அதிகம் பேசாதவள். அவரிடம் கொஞ்சம் பேசுவேன்.

இந்த வேலைக்கு வந்ததும் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், சிவந்த சதை நல்ல சதை என்பது. வெளுத்திருந்தால், மஞ்சளாக அழுக்குப் படிந்திருந்தால் சரியில்லை. சிவப்பாக, மணி மணியாக, தொட்டால் லேசாக ரத்தம் துளிர்த்தால் புண் ஆறுகிறது. அது தப்பான பாடம் இல்லை. எத்தனையோ புண் அப்படி ஆறி நான் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் ஏழுமலையின் புண்ணில் ஒரு ஓரமாகச் சிவப்புச் சதை ஏறத் தொடங்கியபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை வருஷம் அசையாமல் கிடந்தது இப்போது வளர்கிறதே என்று.

"சதை ஏறுது தம்பி. இந்த வருசம் மூடிரும்" என்றேன்.

"மூடிச்சின்னா உனக்குப் பட்டுப் பொடவக்கா. காஞ்சிபுரம் போயி எடுத்தாறேன்."

சதை தோல் மட்டத்துக்கு மேலே போனால் புண் மூடாது. அப்போது மயில்துத்தக் கட்டியால் தொட்டு அமுக்க வேண்டும். நீலமாக இருக்கும் அந்தக் கல்லுதான். வயதான கம்பவுண்டர் ஒருவர் எனக்குக் காட்டிக் கொடுத்த வழி. தொட்டால் சதை வெந்து கறுக்கும், இரண்டு மூன்று நாளில் உதிரும். ஏழுமலைக்கும் தொட்டேன். அமுங்கியது. அடுத்த வாரம் மறுபடி ஏறியது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மறுபடி தொட்டேன். இப்படி எட்டு மாதம் போயிற்று.

டாக்டரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அப்போது புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். என்னைவிடச் சின்னவர். அவர் அறை வாசலில் எப்போதும் கூட்டம். அதைத் தாண்டி உள்ளே போய் எல்லார் முன்னாலும் வாய் திறக்க எனக்குக் கூச்சம். பெரிய சிஸ்டர் என் கை ராசியான கை என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். அதுவும் ஒரு காரணம்.

எனக்கு எதுவும் தெரியவில்லை என்று சொன்னால் பொய். வாடை மாறியிருந்தது. சீழ் வாடை எனக்குப் பழக்கம், இது வேறு. புண்ணின் ஓரம் துணிக்கு அடியில் தட்டின் விளிம்பு மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டது. ஏறின சதை காலிபிளவர் பூ மாதிரி இருந்தது. பஞ்சு பட்டாலே ரத்தம் கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். வெயில் காலம், வேர்வை வாடை. ஓவர்டைம் நின்றிருப்பார், அதனால் ரத்தம். டெட்டால் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கழுவினேன்.

ஒரு நாள் காலை முன் அறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. டாக்டரம்மா கை கழுவப் பின்னால் கட்டு அறைக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. ஏழுமலை குப்புறப் படுத்திருந்தார். கட்டைப் பிரித்திருந்தேன். டாக்டரம்மா குழாயைத் திறந்து, தற்செயலாகத் திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயை மூடவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கிட்டே வந்து குனிந்தார்.

"இதை யார் பாத்தது?"

"நான்தான்மா."

"டாக்டர் யாரு பாத்தாங்க?"

நான் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். அதன் கீழே குத்தியிருந்த பழைய சீட்டு, அதற்கும் கீழே இருந்தது என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் என் கையெழுத்து. நான் போய்க் குழாயை மூடினேன்.

ஏழுமலையின் தொடை இடுக்கில் அழுத்திப் பார்த்தார். அங்கே நெறி கட்டியிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, ரோசக்கா தோட்டம் நல்லாக் கீதா?" என்றார் ஏழுமலை, தலையைத் தூக்காமலே.

 டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தில் ஒரு துணுக்குச் சதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து முடிவு வந்தது. ஏழுமலையையும் என்னையும் முன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். புற்றுநோய் என்றார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா சொல்றீங்க. புண்ணு எப்டி கேன்சராவும்? நான் பீடி கூட தொட்டதில்ல" என்றார் ஏழுமலை.

டாக்டரம்மா சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். அடிபட்ட இடத்தில் உடம்பு 'வளரு, வளரு' என்று ஒரு தகவல் அனுப்புமாம். அதற்கென்று தனியாகச் சில பொருள் உடம்பில் ஊறுகிறது. பக்கத்தில் இருக்கிற தோலும் சதையும் அதைக் கேட்டு வளர்ந்து இடத்தை மூடும். மூடியதும் தகவல் நின்றுவிடும். கிருமியோடு சண்டை போடவும் உடம்பு ஆள் அனுப்பும். அதுதான் சூடு, சிவப்பு, வீக்கம். அந்தச் சண்டையில் நம்முடைய நல்ல அணுக்களுக்கும் அடி விழும். பத்து நாள் என்றால் பாதகமில்லை. வருஷக்கணக்காகப் புண் மூடாமலே இருந்தால் சண்டையும் நிற்காது, தகவலும் நிற்காது. வளர்ந்துகொண்டே, அடிபட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் என்றைக்காவது ஒரு அணு தப்பாக உருவாகும். பக்கத்தில் 'வளரு' என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அதுவும் வளரும்.

ஏழுமலைக்கு அது லேத் வேலைக் கணக்கில் விளங்கியது.

"அப்போ ராப்பகலா நிறுத்தாம ஓட்டுனதுல ஒரு ரிஜெக்ட் பீஸு வந்துடுச்சின்னு சொல்றீங்க."

"ஆமா" என்றார் டாக்டரம்மா. "இப்போ அந்த ரிஜெக்ட் பீஸே மெஷினை ஓட்ட ஆரம்பிச்சிடுச்சு. இனிமே அதுக்கு யாரும் வளருன்னு சொல்ல வேண்டாம். அதுவே சொல்லிக்கும்."

ஆறுவதற்காக உடம்பு அனுப்புகிற அதே தகவல். நான் எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே வளர்த்தி. 

காலை எடுக்க வேண்டி வரும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். ஏழுமலை அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"கால எடுத்துட்டா லேத்தாண்ட எப்டிமா நிக்கிறது? நல்லா ஏறுதுன்னு ரோசக்கா சொல்லிக்கினு கீது. ஒம்போது வருசமா பாக்குறது அவங்கதான். நேத்து வந்துட்டு நீங்க காலக் கேக்கறீங்க."

அவர் போன பிறகு டாக்டரம்மாவிடம் துத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "அதனாலதான் வந்துச்சாம்மா?"

பரவாயில்லை என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாது ரோசம்மா. அது எப்போ ஆரம்பிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது. சுட்டுச் சுட்டு விட்டதும் அந்த எடத்துக்கு நல்லதில்ல. ஆனா மேல இருக்கறதை நீங்க அமுக்கி மறைச்சிட்டீங்க. எட்டு மாசம்."

அடுத்த கட்டு நாளில் ஏழுமலை வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இரண்டு வாரம் ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கும் அவர் போகவில்லை என்று தெரிந்தது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன் பெரிய சிஸ்டரிடம். அவர் யோசித்தார்.

"போயிட்டு வா. டாக்டர் சொன்னபடி கேளுன்னு மட்டும் சொல்லு. துத்தம் அது இதுன்னு போட்டு ஒடைக்காதே. நாளைக்கு ஒரு ஆள் இங்கே கட்டுக்கு வர மாட்டான்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சோறு போட்டவர். ரயில் பாதை ஓரமாக நெமிலிச்சேரி வரைக்கும் நடந்தேன். வழி முழுக்க அதே யோசனைதான். துத்தத்தை மறைத்துவிட்டால் நான் சொன்ன 'நல்லா ஏறுது' அப்படியே நிற்கும். அது நிற்கிற வரைக்கும் அவர் போக மாட்டார்.

ஏழுமலை வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அவர் மனைவி செல்வி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காலில் எங்கள் கட்டு இல்லை. பச்சிலை அரைத்துக் கட்டின அழுக்குத் துணி.

"வாக்கா. வேப்பம்பட்டுல ஒரு வைத்தியரு பாக்கறாரு. ஒரு மாசத்துல மூடிடும்னாரு."

"நானும் அப்படித்தான் தம்பி சொன்னேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் வராது என்று பயம். அது நல்ல சதை இல்லை தம்பி, நான் தப்பாகப் பார்த்துவிட்டேன். ஏற ஏறத் துத்தம் வைத்து அமுக்கினேன், டாக்டரிடம் காட்டவில்லை என்று.

"ஏன் காட்டல?"

"கூச்சம்."

செல்வியின் கையில் முறம் நின்றுவிட்டது.

"கூச்சத்துக்காவ ஒரு காலாக்கா?" என்றாள்.

அவள் கத்தவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. 

ஏழுமலைக்கு முகம் கறுத்துவிட்டது. "நல்லாக் கீதுன்னு சொன்னதும் நீ. நல்லா இல்லன்னு சொல்றதும் நீ. எத்த நான் நம்பறது? போக்கா, ஊட்டுக்குப் போ."

நான் போகவில்லை. அதுவரை யாராவது போ என்றால் போய்விடுகிறவள் நான். "என்னை நம்ப வேணாம் தம்பி. கட்டைப் பிரி. செல்வி பாக்கட்டும்" என்றேன்.

அப்போதுதான் தெரிந்தது, அந்தப் புண்ணைச் செல்வி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கட்டோடுதான் வீட்டுக்குப் போவார். மூடின கால்தான் அவளுக்குத் தெரியும். புண்ணைப் பார்த்த கண் இத்தனை வருஷமும் என் கண் ஒன்றுதான்.

"வேணாம்" என்றார் அவர்.

செல்வி முறத்தை வைத்துவிட்டு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "திரும்பு" என்றாள். அவர் குப்புறப் படுத்தார். அவளே துணியைப் பிரித்தாள். பச்சிலையோடு சேர்ந்து ஒரு துண்டு சதையும் உதிர்ந்து ரத்தம் கொட்டியது. அவள் வாயைப் பொத்தவில்லை, அழவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அவருடைய சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எயுந்திரு. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அக்கா, நீ கட்டுப் போடு. நீயும் வர."

மூன்று பேரும் ரயிலில் போனோம்.  

தொடைக்குப் பாதியில் காலை எடுத்தார்கள். இடுக்கில் இருந்த நெறியையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பரவியிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த முடிவு வருகிற வரைக்கும் நான் கட்டு அறையில் யாருக்குக் கட்டைப் பிரித்தாலும் ஓரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். சின்ன முள் குத்தின புண்ணைப் பார்த்தாலும் சந்தேகம். நெறியில் ஒன்றுமில்லை, புண்ணின் சீழால் வந்த வீக்கம்தான் என்று முடிவு வந்தது. செல்வி சொல்லியனுப்பினாள். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். ஏழுமலை அக்குள்கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெட்டின இடத்தில் ஒரு ஓரம் ஆறவில்லை. என் வரிசையில் நிற்கவில்லை. பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்திருந்த நர்சிடம் சீட்டைக் கொடுத்தார். நியாயம்தான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

அந்தப் பெண் கட்டைப் பிரித்து மருந்தை எடுக்கப் போனாள்.

"நில்லுமா. தொடாத" என்று ஏழுமலை சொல்வது கேட்டது. பிறகு முன் அறையில் இருக்கிற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுத்தார். "டாக்டரம்மா, கட்டுப் பிரிச்சாச்சு. வந்து பாருங்கோ."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்போடு எழுந்து வந்தார். ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

"நீயும் வாக்கா. எது நல்ல சதைன்னு டாக்டரம்மா காட்டுவாங்க. ஒயுங்காப் பாத்துக்கோ."

வாசலில் கூடிவிட்ட எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நம் இடத்தில் அந்த வழக்கம் வந்தது. பழைய புண் எதுவானாலும் மாதம் ஒரு தடவை கட்டைப் பிரித்து, மூடாமல் வைத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். சீட்டைக் காட்டினால் போதாது, புண்ணைக் காட்ட வேண்டும். ஓரம் தடித்தால், வாடை மாறினால், தொட்டதும் ரத்தம் கொட்டினால் மாதம் முடிகிற வரை காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு இது நோட்டீஸ் பலகையில் ஒரு வரியாகத்தான் இருக்கும். கூட்டமாக இருக்கிறது, டாக்டர் கோபப்படுவார், கேட்டால் நமக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றட்டும். கூப்பிட்டுவிடுங்கள்.

டாக்டரம்மா சொன்ன அந்த வளர்கிற தகவல், சண்டை, தப்பாக உருவாகிற அணு, இதையெல்லாம் படித்தவர்கள் யாராவது சரிபார்த்து, பிசகிருந்தால் திருத்திக் கொடுங்கள். வருஷமும் எனக்கு நிச்சயமில்லை. இன்னொன்று. துத்தம் வைத்தது எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறேன். அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், என் மனசு குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஏழுமலை நெமிலிச்சேரியில்தான் இருக்கிறார், அவருக்கு நாள் கணக்காக ஞாபகம் இருக்கும். உங்களில் யாராவது போய்க் கேட்டு எழுதிவிடுங்கள். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.